ரத்தம் போகிறது, முடிவு திரும்புகிறதா?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்து, தானே தகவல் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பரிசோதனைக் கூடத்தில் நடந்த தவறு அன்று தலைப்புச் செய்தி ஆனது. அதைவிட என்னை அலைக்கழித்தது வேறொரு விவரம். 2016-லேயே அந்த இளைஞர் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. கருவி சரியாக வேலை செய்தது, முடிவு பதிவேட்டில் ஏறியது. அந்த முடிவு அவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை. போயிருந்தால் அவர் மாத்திரை தொடங்கியிருப்பார், ரத்தம் கொடுக்க வந்திருக்க மாட்டார், இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும். எச்.ஐ.வி. பற்றிய தகவலின் ரகசியத்தையும் நோயாளியின் உரிமைகளையும் காக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில்தான் சாத்தூரில் அந்த ரத்தம் ஏற்றப்பட்டது.

இந்தக் கட்டுரை ரத்த வங்கிகளைப் பற்றியது அல்ல. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றியது. ஆனால் இரண்டு இடத்திலும் அறுந்துபோகக்கூடிய கண்ணி ஒன்றுதான். வசதி குறைந்த இடங்களில் சிகிச்சையைக் கண்காணிப்பது என்றதும் கருவி இல்லை, ஆய்வகம் இல்லை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. ஒரு தாளில் வரும் எண் அதற்குரிய மனிதரிடம் உரிய காலத்தில், ஊர் அறியாமல் போய்ச் சேர்வதற்கான வழி நம்மிடம் அதைவிடவும் அரிதாக இருக்கிறது.

மகாராஜபுரத்தை எடுத்துக்கொள்வோம். வத்திராயிருப்பைத் தாண்டி, சதுரகிரி மலையேறும் தாணிப்பாறைக்குப் போகிற வழியில் உள்ள ஊர். பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல், மேட்டில் தென்னையும் மாவும். வேலை என்றால் நடவு, களையெடுப்பு, தேங்காய் வெட்டு. இல்லாவிட்டால் ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஷிப்டு, அல்லது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி. இந்த ஊரில் ஒருவர் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தின் ஏ.ஆர்.டி. மையம் விருதுநகரில். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வழியாகப் போய்ச் சேரவே பாதிப் பகல் கழிந்துவிடும். அன்றைய கூலி போச்சு. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்றாலும், இவ்வளவு தூரம் ஓடும் வெளியூர்ப் பேருந்தில் சீட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளில் இணைப்பு மையங்களைத் திறந்து, நிலையாக இருப்பவர்களுக்கு அங்கேயே மாத்திரை தரும் முறை வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் பக்கத்து மையத்தை விட்டுவிட்டு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்து ஏறுகிறவர்கள் உண்டு. பக்கத்து மையத்தின் வரிசையில் சொந்தக்காரர் யாராவது நிற்பார் என்ற பயம் அவர்களைத் தூரத்துக்குத் துரத்துகிறது. பணம் இருப்பவருக்குத் தூரம் ஒரு செலவு. இவர்களுக்கு அது பாதுகாப்பும்கூட. திட்டம் தீட்டுகிறவர்களின் வரைபடத்தில் இந்தத் தூரம் எப்போதும் ஒரு குறையாக மட்டுமே பதிவாகிறது.

வறிய இடத்தில் நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், உலகக் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஓர் ஆய்வைச் செய்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் ஒரு பகுதி நோயாளிகள். நெரிசலான, வறுமை மிகுந்த சொந்த வீடுகளிலேயே இன்னொரு பகுதியினர். இருவருக்கும் ஒரே மாத்திரை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1959-ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதுதான் அதற்குக் காரணம் என்று எப்படித் தெரியும்? ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீடுகளுக்குப் போய் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மலிவான, எளிய, நேர்மையான கண்காணிப்பு அது. பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் விதை சேத்துப்பட்டில் விழுந்தது.

எச்.ஐ.வி.க்கு அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. காசநோய் ஊழியர் திடீரென்று வாசலில் வந்து நின்றால் வீட்டுக்காரர் கூச்சப்படலாம். எச்.ஐ.வி. ஊழியர் வந்து நின்றால் அந்த வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையே இடிந்துபோகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. தெருவே பார்க்க வாங்கிக்கொள்கிறார்கள். ஏ.ஆர்.டி. மாத்திரையை அப்படி வாங்க இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே வீட்டு வாசலில் நடக்க வேண்டிய கண்காணிப்பு முழுவதையும் மையத்தின் மேசையிலும் ஆய்வகத்திலும் நடத்தியாக வேண்டியிருக்கிறது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம் என்று எல்லோரும் சொல்லும் அரசு நெஞ்சக மருத்துவமனை. மருந்தின் விலை சரிந்ததால்தான் அது சாத்தியமானது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்த மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருவதாக 2001-ல் சிப்லா அறிவித்தது. மருந்து மலிந்த வேகத்தில் பரிசோதனை மலியவில்லை. ஆகவே தாம்பரத்திலும் மற்ற இடங்களிலும் கையில் இருந்த அளவுகோல் சிடி4 எண்ணிக்கைதான். நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் எத்தனை என்ற கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். ஏறினால் மகிழ்ச்சி, இறங்கினால் கவலை.

சிடி4 கண்மாயின் நீர்மட்டத்தைப் போன்றது. கரையில் எங்கோ கசிவு விழுந்து பல நாள் கழித்துத்தான் மட்டம் இறங்குவது கண்ணில் படும். கசிவையே நேராகப் பார்ப்பது வைரல் லோடு பரிசோதனை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லிவிடும். மருந்து தோற்கும்போது முதலில் கிருமி பெருகுகிறது, சிடி4 மாதக்கணக்கில் கழித்தே சரிகிறது. அந்த இடைவெளியில் நோயாளி பழைய மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருப்பார், கிருமி அதற்குள் எதிர்ப்புத்திறனை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும். தலைகீழான தவறும் நடக்கும். காய்ச்சல், காசநோய் என்று வேறு காரணத்தால் சிடி4 இறங்கியவரை மருந்து தோற்றவராகக் கருதி, விலை அதிகமான இரண்டாம் நிலை மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். அந்த இரண்டாம் நிலை மருந்து அரசுத் திட்டத்தில் 2008 ஜனவரியில்தான் தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் சோதனை முறையில் வந்தது. அதற்கும் அடுத்து நீட்ட நம்மிடம் அப்போது எதுவும் இல்லை. தவறாக மாற்றிவிட்டால் ஒருவரின் கடைசி மருந்தையே வீணடித்ததாகும்.

அப்படியானால் ஆய்வகம் வரும்வரை மாத்திரை கொடுக்காமல் காத்திருப்பதா? அந்தக் கேள்விக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பதில் வந்தது. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,300-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த டார்ட் ஆய்வில், ஒரு பிரிவுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைகளின் முடிவு மருத்துவருக்குத் தரப்பட்டது. மற்றப் பிரிவுக்கு உடல் அறிகுறிகளை மட்டும் பார்த்துச் சிகிச்சை. ஐந்தாண்டு முடிவில் முதல் பிரிவில் 90 சதவீதம் பேரும், இரண்டாவதில் 87 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் சிடி4 பார்த்ததால் பெரிய பலன் தெரியவில்லை, அதற்குப் பிறகே தெரிந்தது. பக்கவிளைவுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த ரத்தப் பரிசோதனைகள் உயிர்களைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. ஆய்வகம் இல்லை என்ற காரணத்துக்காக மருந்தை மறுக்கக் கூடாது என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

ஆனால் டார்ட் முடிவை வேறு விதமாகவும் பயன்படுத்தினார்கள். பரிசோதனை அவ்வளவு முக்கியமில்லை என்று நிதி ஒதுக்குகிறவர்கள் படித்துக்கொண்டார்கள். மூன்று சதவீத வித்தியாசம் சிறியது என்று மேசையில் உட்கார்ந்து சொல்லலாம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களை நன்கு பயின்ற ஊழியர்கள் தொடர்ந்து பார்த்துவந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு நாளில் நூற்றுக்கும் மேலானவர்களைப் பார்த்து அனுப்ப வேண்டிய மையத்தில் அறிகுறியைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு நேரம் எங்கே? மருத்துவரின் கவனம் கிடைக்காத இடத்தில் பரிசோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013-ல் வைரல் லோடுதான் முதன்மையான கண்காணிப்பு முறை என்று பரிந்துரைத்தது. இந்தியாவில் சிகிச்சையில் உள்ள எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை என்ற அறிவிப்பு 2018 பிப்ரவரியில் வந்தது. அதற்குச் சற்று முன், 2017-ல், சிடி4 எவ்வளவு இருந்தாலும் தொற்று தெரிந்த உடனே மாத்திரை என்ற கொள்கை வந்துவிட்டது. 2004-ல் 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு மட்டும் கிடைத்த மருந்து அது. இந்த மாற்றத்துக்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்றில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள். ஒன்பது நாடுகளில் 1,763 இணைகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு அது. முன்கூட்டியே மாத்திரை சாப்பிட்டவரிடமிருந்து துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அது காட்டியது. கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது இன்று உறுதியாகிவிட்டது. வைரல் லோடு முடிவு மருத்துவருக்கு மட்டும் உரிய தகவல் இல்லை என்பதற்கு இதுவே காரணம். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, மணம் செய்துகொள்ளலாமா என்று தவிக்கும் ஒருவருக்கு அந்தத் தாள் வாழ்க்கைச் செய்தி. பல மையங்களில் அது கோப்பில் செருகப்படும் எண்ணாக மட்டும் இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நடைமுறைக்கு வருவோம். சிகிச்சை தொடங்கிய ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணமாகக் கையில் எடுக்கும் ரத்தத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மே மாத விருதுநகர் வெயிலில், மின்வெட்டும் சேர்ந்தால், இது எளிதல்ல. மாற்று வழியாக விரல் நுனியில் எடுத்த ரத்தத்தைச் சிறப்புத் தாளில் பொட்டாக உலர்த்திச் சாதாரணத் தபாலில்கூட அனுப்பலாம். ஆப்பிரிக்க நாடுகள் பல இதைப் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன. உலர்ந்த பொட்டில் வெள்ளணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமித் துணுக்குகளும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதால் மிகக் குறைந்த அளவுகளைத் துல்லியமாகச் சொல்லாது. ஒரு மில்லி லிட்டரில் 1,000 என்ற எல்லைக்கோட்டுக்கு மேலா கீழா என்று தெரிந்தால் போதும் என்னும் இடத்தில் அது போதுமானது. நம் திட்டத்தின் எல்லைக்கோடும் அதே 1,000தான்.

அந்தக் கோட்டுக்கு மேல் போனால் உடனே மருந்தை மாற்றுவதில்லை. ஆலோசகர் தொடர்ந்து பல அமர்வுகளில் பேசி, மாத்திரை எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மீண்டும் ரத்தம். அப்போதும் 1,000-க்கு மேல் இருந்தால் மாநில நிபுணர் குழு பார்த்து அடுத்த மருந்துக்கு மாற்றும். ரத்தம் எடுத்தது, போனது, முடிவு வந்தது, நோயாளியை அழைத்தது, பேசியது, மறுபடி எடுத்தது, நிபுணர் குழுவுக்குப் போனது என்று இந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள்! ஒவ்வொன்றிலும் சில வாரம் தாமதம் என்றால் ஓராண்டு ஓடிவிடும். கருவி நாள் கணக்கில் சொன்னதைச் செயலாக்க நமக்கு மாதக்கணக்கு ஆகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 390 பேரை வைத்து நடந்த ஸ்ட்ரீம் ஆய்வு இந்தத் தாமதத்தின் விலையை அளந்து காட்டியது. ஒரு பிரிவினருக்கு அதே மருத்துவமனையில், அதே நாளில் வைரல் லோடு முடிவைச் சொல்லி, செவிலியரையே சிகிச்சையை நடத்தவிட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கம்போல ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஓராண்டு முடிவில் சிகிச்சையில் நீடித்து, கிருமியும் அடங்கியிருந்தவர்கள் முதல் பிரிவில் 90 சதவீதம், இரண்டாவதில் 76. இரண்டு பிரிவுக்கும் பரிசோதனை இருந்தது, மாத்திரையும் ஒன்று. முடிவு வந்து சேர்ந்த வேகமும் அதைச் சொன்னவர் யார் என்பதுமே வேறு. காசநோய்க்காக நம் அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, வேறொரு கார்ட்ரிட்ஜைப் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வைரல் லோடும் சொல்லும். ஊரிலிருந்து வந்தவர் திரும்பும் பேருந்தைப் பிடிப்பதற்குள் முடிவைக் கையில் கொடுத்துவிடலாம். எல்லோருக்கும் இது கட்டுப்படியாகாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதல் முடிவே 1,000-ஐத் தாண்டியவர்கள் ஆகியோருக்காவது இதைச் செய்யலாம்.

தொலைபேசி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னிந்தியாவில் மூன்று மையங்களில் 631 பேரை வைத்து நடந்து, 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. வாரந்தோறும் நினைவூட்டும் அழைப்பும் படச்செய்தியும் அனுப்பினார்கள். கிருமி மீண்டும் தலைதூக்குவதில் அது எந்த மாற்றமும் ஏற்படுத்தவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. பெரும்பாலானோர் மாத்திரையை மறப்பதில்லை. மாமியார் வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது, இரவு ஷிப்டில் விடுதி அறையில் எல்லோர் முன்னும் எப்படி விழுங்குவது, கோயில் கொடைக்கு வந்த உறவினர் ஒரு வாரம் தங்கினால் என்ன செய்வது என்று தவிக்கிறார்கள். ஒரு டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பவருக்குக் கைபேசி மணி என்ன உதவி செய்யும்? உட்கார்ந்து கேட்கும் ஆலோசகர் ஒருவர்தான் அந்தப் பானை வரை போக முடியும்.

இப்போது மருந்தும் மாறிவிட்டது. டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. விலை 2023-ல் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கியது. கிருமி எளிதில் எதிர்ப்புத்திறன் பெற முடியாத மருந்து என்பதால், இனி வைரல் லோடு எதற்கு என்ற குரல் மெல்லக் கேட்கிறது. நிலையாக இருப்பவர்களுக்குப் பல மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுக்கும் வழக்கமும் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு வேரூன்றிவிட்டது. கூலியும் பயணமும் மிச்சம் என்பதால் இது மிக நல்லது. ஆனால் மாதாமாதம் மிச்ச மாத்திரையை எண்ணிய மேசையும் போய்விட்டது. அவர்களை நாம் பார்க்கும் ஒரே கண் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அந்த ரத்தம்தான். 2024-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, டோலுடெக்ராவிர் சாப்பிட்டும் கிருமி அடங்காதவர்களில் 3.9 முதல் 8.6 சதவீதம் பேருக்கு அந்த மருந்துக்கே எதிர்ப்பு காணப்படுவதாகச் சொன்னது. கிருமி அடங்காமலேயே இந்த மருந்துக்கு மாற்றப்பட்ட ஒரு பிரிவினரிடம் அது 19.6 சதவீதம் வரை போனது. கண்ணை மூடிக்கொள்ள இது நேரமில்லை.

சிடி4-ஐயும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மாத்திரை வேலை செய்கிறதா என்று அது சரியாகச் சொல்லாது. ஆனால் முதல்முறை வருகிறவர், விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதை அதுதான் சொல்லும். 200-க்குக் கீழே இருப்பவரைக் காசநோயும் பூஞ்சை மூளைக்காய்ச்சலும் சில வாரங்களில் கொண்டுபோய்விடக்கூடும். ஆய்வகமே இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது உண்டு. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்பது அப்படிப்பட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், எடை, மூச்சுவேகம், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பது போன்ற எளிய அடையாளங்களை வைத்தே ஆபத்தான நோயாளியைப் பிரித்து உடனே படுக்கையில் சேர்க்கிறது. சேத்துப்பட்டு மரபின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கிறேன். ஏ.ஆர்.டி. மையங்களும் இதைக் கையில் எடுக்கலாம்.

2024-ல் தேசிய அளவில் சொல்லப்பட்ட கணக்கு 81, 88, 97. அதன்படி, தொற்று உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்கு அது தெரிந்திருந்தது. அவர்களில் 88 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். அவர்களில் 97 சதவீதம் பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. கடைசி எண் பெருமைக்குரியது. அதன் பின்னால் தாம்பரத்திலும் விருதுநகரிலும் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஊழியர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த 97, மையத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தவர்களை வைத்துப் போடும் கணக்கு. வராமல் போனவர் அதில் இல்லை.

ரத்தம் எடுத்த நாளிலிருந்து, முடிவு அந்த மனிதரிடம் சொல்லப்பட்ட நாள்வரை எத்தனை நாள் ஆனது என்ற கணக்கை ஒவ்வொரு மையமும் வெளியிட வேண்டும். 1,000-ஐத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை நடந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். யாருடைய பெயரும் அதில் வரத் தேவையில்லை. இந்த இரண்டு எண்களும் மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குப் போனால், ஆலோசகர் பணியிடம் காலியாக இருப்பதும், மாதிரி ஏற்றும் வண்டி வாரத்தில் ஒருநாள் மட்டும் வருவதும் அங்கே தானாகத் தெரிந்துவிடும். அவற்றைச் சரிசெய்யப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.